ஊர் ஏறுகிறது, ஊர்க்காரர் இறங்குகிறார்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசை முதல் வாசல் வரை நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"வளர்ந்துவரும் மலை நகரத்தில் வாழ்க்கை: வரமா, பாரமா?" என்பது தலைப்பு. பாரமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி, என் சகோதரி, நன்றாகப் பேசினார். ஊர் வளர்ந்ததால் மருத்துவமனை வந்தது என்றார், கல்லூரி வந்தது என்றார், வேலை தேடிப் பிள்ளைகள் சமவெளிக்கு ஓடுவது குறைந்தது என்றார். சன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வருகிறதே, இதைவிட வரம் உண்டா என்று கேட்டார். இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. அந்த மருத்துவமனையால் உயிர் பிழைத்தவர்களை எனக்கும் தெரியும். சகோதரியிடம் எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி. அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் எங்கே குடியிருக்கிறார்?

நடுவர் அவர்களே, நான் 12 வருடம் ஒரு மலை நகரத்தில் குடியிருந்தவன். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு செவிலியர் அக்கா வாடகைக்கு இருந்தார். வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் பத்து நிமிட நடை. ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து, வீட்டைச் சுற்றுலா வருபவர்களுக்கு அறை அறையாக விடப் போகிறேன், காலி செய்துகொடுங்கள் என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மாத வாடகையாக வருவதைச் சில வார இறுதிகளிலேயே எடுத்துவிடலாம் என்றால் யார்தான் யோசிக்க மாட்டார்கள்? அக்கா ஊர் முழுக்க வீடு தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் அடிவாரத்துக்குப் போனார். அதற்குப் பிறகு இரவுப் பணி முடிந்ததும், பனிமூட்டத்தில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் இறங்கித்தான் அவர் வீடு போய்ச் சேர வேண்டும். ஊருக்கு மருத்துவமனை வந்தது. அதில் வேலை பார்ப்பவருக்கு ஊரில் இடம் இல்லாமல் போனது.

இது ஏதோ ஓர் ஊரின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் என்று ஒரு மலை நகரம். 2010 கணக்கெடுப்பில் அங்கே 37,280 பேர். 2020-ல் 53,293 பேர். பத்தே ஆண்டில் பதினாறாயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். மேடையில் சொன்னால் கைதட்ட வேண்டிய வளர்ச்சி. அதே ஊரில், கையில் வேலை இருந்தும் வாடகைக்கு வீடு கட்டுப்படியாகாமல், தெருவோரம் நிறுத்திய வண்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்தியவர்கள் உண்டு. பனிக்காலத்திலும் அந்த வண்டிக்குள்தான்.

ஏன் இப்படி ஆகிறது? சமவெளி ஊர் வளர்ந்தால் பக்கவாட்டில் பரவலாம். இந்தப் பக்கம் நெருக்கினால் அந்தப் பக்கம் போகலாம். மலை நகரத்துக்குச் சமமான நிலம் என்பது கையகலம்தான். அது முதல் தலைமுறையிலேயே தீர்ந்துவிடும். அதன்பிறகு வெளியூர்க்காரர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு வாரம் தங்க ஒரு வீடு வாங்கினால், வருடம் முழுக்க வாழ்கிற ஒரு குடும்பத்துக்கான இடம் போகிறது. ராத்திரி நேரத்தில் இப்படிப்பட்ட ஊரின் சரிவை எதிர்மலையிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? புது வீடுகள் இருக்கிற பகுதி இருட்டாக இருக்கும். விளக்கு எரிவதெல்லாம் பழைய, நெருக்கமான வீடுகளில்.

இந்த இருட்டைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்து மக்கள் 2012 மார்ச்சில் வாக்குப்பெட்டிக்குப் போனார்கள். ஓர் ஊரின் வீடுகளில் 20 சதவீதத்துக்கு மேல், எப்போதாவது வந்து தங்கும் இரண்டாம் வீடுகளாக இருக்கக் கூடாது என்று 50.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். வாலே போன்ற மலை மாநிலங்கள் இதை எதிர்த்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க விரும்பவில்லை. கட்டட வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. அதுவும் நியாயமான பயம்தான். பிழைப்பு வேண்டுமா, இடம் வேண்டுமா என்று ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது, நடுவர் அவர்களே, பாரம் இல்லையா?

அடுத்து, சமநிலம் தீர்ந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சரிவை வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணை அப்படியே முன்பக்கம் கொட்டி மேடாக்கி, அதன் மேல் வீட்டைக் கட்டுகிறார்கள். வீட்டின் பின்பாதி பழைய மலை மேல், முன்பாதி புதிதாகக் கொட்டிய மண் மேல். மழையில் கொட்டிய மண் இறுகி இறங்கும், பின்னால் இருக்கிற மலை இறங்காது. வீடு நடுவில் வாய் பிளக்கும். சரிவு விழாமல் இருக்கத் தடுப்புச் சுவர் கட்டுவார்கள். அந்தச் சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற வரிசையாக ஓட்டைகள் விட வேண்டும். அவை அடைத்துக்கொண்டால் சுவருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கி நின்று, மண்ணும் நீருமாகச் சேர்ந்து சுவரைத் தள்ளும். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டு அஸ்திவாரத்துக்குள் போகும். பக்கத்து வீட்டோடு சண்டை என்பது சமவெளியில். மலையில் மேல்வீட்டோடு சண்டை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு விரிசல் இருந்தது. பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும், அசைந்தால் உடைந்துவிடும், அவ்வளவுதான் கணக்கு என்றார். அன்றிலிருந்து, ராத்திரி முழுக்க மழை பெய்தால், விடிந்ததும் என் அம்மா முதலில் கூடத்துக்குப் போய் அந்தக் கண்ணாடியைத்தான் பார்ப்பார். விரல் நீளக் கண்ணாடி. எங்கள் குடும்பத்தின் நிம்மதி மொத்தமும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வரம் என்று பேசுகிற நண்பர்கள் ஒரே ஒரு மழைக்காலம் அந்தக் கூடத்தில் படுத்துப் பார்க்க வேண்டும்.

உத்தராகண்டில் ஜோஷிமட் இருக்கிறதே, அந்த ஊர் பழைய மலைச்சரிவின் மண்ணும் கல்லும் சேர்ந்த குவியல் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எழுதி வைத்தது. பெரிய கட்டுமானங்களைக் கட்டுப்படுத்துங்கள், சரிவிலிருந்து பாறைகளைத் தோண்டாதீர்கள், மரம் நடுங்கள் என்று சொன்னது. ஊர் அதன் பிறகும் வளர்ந்தது. 2023 ஜனவரியில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். குடும்பங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போயின. பக்கத்தில் தோண்டிய சுரங்கப்பாதைதான் காரணம் என்கிறார்கள் சிலர், வடிகால் இல்லாமல் மண்ணுக்குள் இறங்கிய கழிவுநீர் என்கிறார்கள் சிலர். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எந்தக் காரணமானாலும், தாங்காத மண்ணின் மேல் ஏற்றிய சுமையைப் பற்றி எச்சரிக்கை இருந்தது. 47 வருடம் இருந்தது.

தண்ணீருக்கு வருகிறேன். மலையில் மழை கொட்டுகிறதே, தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்பார்கள். மழை மண்ணுக்குள் இறங்கினால்தான் ஊற்று பிழைக்கும். சரிவு முழுக்க சிமென்ட் பூசிவிட்டால் பெய்த மழை சீக்கிரமே அடிவாரத்துக்கு ஓடிவிடும். பிறகு அதே தண்ணீரைக் கீழே இருக்கும் ஆற்றிலிருந்து பம்ப் போட்டு மேலே ஏற்ற வேண்டும். சிம்லாவுக்கு அப்படித்தான், 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுகிறார்கள். 2018 மே மாதம் அங்கே குழாய்கள் நாள்கணக்கில் வறண்டன. தயவுசெய்து எங்கள் ஊருக்குச் சுற்றுலா வராதீர்கள் என்று ஊர்க்காரர்களே ஊரறியக் கேட்டுக்கொண்டார்கள். சுற்றுலாவால் பிழைக்கிற ஊர் அப்படிக் கேட்கிறது என்றால் அதன் தொண்டை எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும்!

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தம்பி, பொலிவியாவின் லா பாஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2014-ல் அங்கே கேபிள் கார் வந்தது, செங்குத்தான மலையில் மூச்சு வாங்க ஏறிய மக்கள் நிமிடங்களில் வீடு போகிறார்கள் என்றார். உண்மை தம்பி, நானும் அதை மெச்சுகிறேன். அதே லா பாஸில் 2016 நவம்பரில் அணைகள் வற்றி, குடிநீருக்கு ரேஷன் வைத்து, நாடு அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சுத்தமான காற்று என்றார்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்று தங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடும். வாகனப் புகையும் விறகுப் புகையும் வெளியேற வழியிருக்காது. மோன் பிளாங் மலையடியில் பிரான்சின் ஆர்வ் பள்ளத்தாக்கு இதற்குப் பேர்போனது. இத்தோடு காற்றை விடுகிறேன்.

அவர்களின் கடைசி ஆயுதத்துக்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கக் கூடாது. நன்றாகத் திட்டமிட்டால் வளரும் மலை நகரமும் வரமாகும், ஜெர்மாட்டைப் பாருங்கள், பான்ஃபைப் பாருங்கள், விஸ்லரைப் பாருங்கள் என்றார்கள். பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் ஜெர்மாட்டில் பெட்ரோல், டீசல் கார் நுழைய முடியாது. வருகிறவர் காரைக் கீழே டேஷ் கிராமத்தில் நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும். கனடாவின் பான்ஃப், ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற ஊர். அங்கே வேலை, தொழில் என்று குடியிருக்கத் தக்க காரணம் இல்லாதவர் பணம் இருந்தாலும் போய்க் குடியேற முடியாது. ஊரின் எல்லையும் கோடு போட்டு நிறுத்தப்பட்டது. அதே கனடாவின் விஸ்லரில் 1997-ல் வீட்டுவசதி அமைப்பு ஒன்றைத் தொடங்கி, ஊரில் வேலை பார்ப்பவர்களில் 75 சதவீதம் பேராவது ஊருக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அப்படியும் அங்கே வீட்டுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நடுவர் அவர்களே, இந்த மூன்று ஊர்களும் என் சாட்சிகள். மூன்றுமே ஏதோ ஓர் இடத்தில் வளர்ச்சியின் கையைப் பிடித்து நிறுத்தின. பாரம் தாங்க முடியாதவர்கள்தானே கையைப் பிடிப்பார்கள்?

மலையை நேசிக்காதவன் பேசுகிற பேச்சு இல்லை இது. அங்கே இருந்த 12 வருடத்தில் ஒரு விடியல்கூட எனக்குச் சலித்ததில்லை. அங்கேயே இருக்க முடியாமல் போன வலியில்தான் பேசுகிறேன். எங்கள் கூடத்துக் கண்ணாடி ஓர் ஐப்பசி மழையில் உடைந்தது. அந்த வாரமே வீட்டைக் காலி செய்தோம். ஊருக்குள் வேறு வீடு எங்களுக்கும் கிடைக்கவில்லை.

நம் செவிலியர் அக்கா இன்றைக்கும் அதே மருத்துவமனையில்தான் இருக்கிறார். இரவுப் பணி முடிந்தால் அதே பாதையில்தான் இறங்குகிறார். தீர்ப்பு எழுதும்போது அவரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.