தெம்புக்கு இன்னும் ரெண்டு பாட்டில் ஏற்றலாமா?

இந்த வாரம் வந்ததில் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “பைக் விபத்தில் அண்ணனுக்குக் குடல் கிழிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாம் நாள் டிரிப்ஸைக் குறைத்துவிட்டார்கள். சாப்பாடும் இல்லை. தெம்புக்கு இன்னும் ரெண்டு பாட்டில் ஏற்றச் சொல்லலாமா?”

அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. சின்ன இட்லி ரெண்டு சாப்பிட்ட தெம்புதான் கிடைக்கும். சலைனில் அதுவும் கிடையாது, உப்பும் தண்ணீரும்தான். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை லிட்டர் ஏறினாலே ஒரு நாள் உப்பு ஏறக்குறைய உள்ளே போய்விட்டது. பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் விடாமல் சொல்வது இது: பாட்டிலும் மருந்துதான், அதற்கும் அளவு உண்டு.

ரத்தம் போய்க்கொண்டிருக்கும் முதல் சில மணி நேரம் வேறு. அப்போது ரத்தம்தான் ஏற்ற வேண்டும், சலைனை ஊற்றி ஈடுகட்ட முடியாது. அது நின்ற பிறகு, அடிபட்ட உடம்பு உப்பையும் தண்ணீரையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிறுநீர் கொஞ்சம் குறையும். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒருவருக்குச் சிறுநீர் குறைகிறதே என்று பயந்து பாட்டில் மேல் பாட்டில் ஏற்றினேன். விடிந்தபோது முகம் உப்பி, மூச்சு வாங்கினார். பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. கூடுதல் தண்ணீர் நுரையீரலிலும், தைத்த குடலின் சுவரிலும் போய்த் தேங்கும். வீங்கிய குடல் வேலை தொடங்க நாளாகும்.

அதற்காக ஒரேயடியாகக் குறைத்தாலும் கிட்னி பாதிக்கும். மூக்கு வழியாக வயிற்றுக்குள் போட்ட குழாயில் ஒரு லிட்டர் நீர் வெளியே வந்தால் அதை ஈடுகட்டியே ஆக வேண்டும்.

அதனால் சகோதரி, டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: நேற்று எவ்வளவு உள்ளே போனது, சிறுநீர், குழாய் எல்லாம் சேர்த்து எவ்வளவு வெளியே வந்தது? நர்ஸ் எழுதும் சார்ட்டில் இருக்கும். அண்ணன் 60 கிலோ என்றால் மணிக்கு சுமார் 30 மில்லி சிறுநீர் வருகிறதா? காற்று பிரிந்ததா? கஞ்சித் தண்ணீர் எப்போது தொடங்கலாம்?