கடலோரத்தில் வீடு வாங்கும் முன்: யாரை அளக்க விடுவது?

(காட்சி: கீழக்கரைத் தெரு. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகள்.)

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் சாயல்குடி வரை எங்கே வீடு பார்க்கப் போனாலும் தரகர் ஒரு வசதி செய்து தருவார்: "சர்வேயர் நமக்குத் தெரிந்தவர்தான், நாளைக்கே வந்து அளந்துவிடுவார்." அந்த வசதி வேண்டாம். விற்றால்தான் கமிஷன் என்றிருப்பவர் கூட்டிவரும் ஆள், வாங்குகிறவரிடம் கெட்ட செய்தி சொல்லத் தயங்குவார். ஆளை நீங்களே பிடியுங்கள், கட்டணத்தையும் நீங்களே கொடுங்கள்.

உங்களுக்கு இரண்டு பேர் தேவை. மண்ணுக்கு ஒரு நில அளவர், கட்டடத்துக்கு ஒரு சிவில் பொறியாளர். கடனுக்காக வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் இந்தக் கணக்கில் சேர மாட்டார். கொடுக்கும் கடனுக்குச் சொத்து ஈடாகுமா என்பதுதான் அவர் கவலை. "பேங்க்காரரே பார்த்துவிட்டாரே" என்று நிம்மதியாகத் தூங்குபவர்களை நினைத்தால் எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

(காட்சி: புலப்படம். எல்லைக் கற்களின் குறிகள்.)

நல்ல நில அளவர் டேப்பை விரிக்கும் முன் பட்டா, மூலப்பத்திரம், புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் அரசு வரைபடம்) மூன்றையும் கேட்பார். மதில் முதல் மதில் வரை அளந்து "ஐந்து சென்ட் சரியாக இருக்கிறது" என்பவர் மதிலைத்தான் அளந்திருக்கிறார். மணற்பாங்கான ஊர்களில் சர்வே கல் புதைந்து கிடக்கும். பத்திரத்தின் நான்குமாலில், அதாவது நாலு பக்க எல்லை விவரத்தில், எழுதிய பனை வரிசையை எப்போதோ வெட்டியிருப்பார்கள். அப்போது பக்கத்துப் புலத்தின் கல்லைத் தேடிப் பிடித்து அங்கிருந்து அளந்து வரத் தெரிந்திருக்க வேண்டும். கீழக்கரை போன்ற நெருக்கமான ஊர்களில் பொதுச்சுவர் யாருக்கு எவ்வளவு என்பதையும் அவர் எழுதித் தர வேண்டும்.

உரிமம் பெற்றவரா என்று கேட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தனியார் வரைந்து தரும் படம் அரசுப் பதிவேட்டை மாற்றாது. எல்லையில் தகராறு வாடை அடித்தால், அரசு நில அளவர் வந்து அளக்கும்படி விற்பவரையே மனுச் செய்யச் சொல்லுங்கள். அவர் மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் கோட்டிலிருந்து, நிலத்தின் பக்கமாக 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம்; அங்கே கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உண்டு. அதைப் பற்றி வாயே திறக்காதவர் இந்தக் கரைக்குச் சரிப்பட மாட்டார்.

(காட்சி: சன்ஷேடின் அடிப்பக்கம். பழுப்புக் கறை, நீளவாக்கில் ஒரு விரிசல்.)

அடுத்து பொறியாளர். இங்கே வீட்டைத் தின்பது உப்பு. உப்புக்காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. கம்பி ஓடும் திசையிலேயே விரிசல் ஓடினால் சந்தேகம் வர வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் இது கண்ணுக்குத் தெரியாது. அதனால் பொறியாளர் சுத்தியலோடு வருகிறாரா என்று பாருங்கள். தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் இடத்தில் பூச்சாவது கான்கிரீட்டாவது உள்ளே விட்டுப்போயிருக்கிறது.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கம்பிக்குக் கவர் எவ்வளவு இருக்க வேண்டும்?" கவர் என்பது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456:2000 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து, 45 மில்லிமீட்டர் கவரும் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும் கேட்கிறது. கொத்தனார் வழக்கமாக வைக்கும் கவர் கட்டை அந்தக் கனம் இருப்பது அபூர்வம். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரிப்பவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். தெரிந்தவர் கவர் மீட்டர் வைத்து அளப்பார். தேவைப்பட்டால் கான்கிரீட் தூளை எடுத்து உப்பின் அளவைச் சோதிக்கச் சொல்வார். மொட்டைமாடி, கழிவறையின் அடித்தளம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள தூண் ஆகியவற்றைப் பார்க்காமல் கிளம்ப மாட்டார்.

இருவரிடமும் படங்களோடு கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். இதெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் நடக்க வேண்டும். விற்பவர் அவசரப்படுத்தினால், அளவோ கட்டடமோ அறிக்கையில் தேறாவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அக்ரிமென்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.