கைரேகையால ஆரம்பிச்ச ராக் பேண்ட்

எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு பேண்ட எதுக்கு ஆரம்பிப்பாங்க? மியூசிக் பைத்தியம் புடிச்சிருக்கும், இல்ல யாரையாவது அசத்தணும்னு இருக்கும். இன்னிக்கு நான் பேச வந்த 'தி ஷாக்ஸ்' பேண்ட் ஆரம்பிச்சது கைரேகை ஜோசியத்தால. நெசமாத்தான்.

அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்துல ஃப்ரீமாண்ட்னு ஒரு சின்ன ஊரு. அங்க ஆஸ்டின் விக்கின்னு ஒரு மில் தொழிலாளி. சின்ன வயசுல அவரோட கைய பாத்து அவங்கம்மா மூணு விஷயம் சொல்லிருக்காங்க, செம்பட்டை முடி இருக்கற பொண்ண கட்டிப்ப, நான் போனதுக்கப்புறம் உனக்கு ரெண்டு பையன் பொறப்பாங்க, உன் பொண்ணுங்க பேண்ட் வச்சு பேமஸ் ஆவாங்க. மொதல் ரெண்டும் அப்படியே பலிச்சிருச்சு. மூணாவது மட்டும் பாக்கி. வேற யாரா இருந்தாலும் நடக்கறப்ப நடக்கட்டும்னு விட்டிருப்பாங்க, இவரு ஜோசியத்த கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து பலிக்க வைக்க கெளம்பிட்டாரு.

டாட், பெட்டி, ஹெலன்னு மூணு பொண்ணுங்க. ஸ்கூல்ல இருந்து நிறுத்தியாச்சு, வீட்லயே தபால் வழி படிப்பு, ரெண்டு பேருக்கு கிட்டார், ஹெலனுக்கு டிரம்ஸ், தெனமும் ப்ராக்டிஸ், அது போதாதுன்னு உடற்பயிற்சி வேற. பேண்டுக்கு பேர் வச்சதும் அப்பாதான். உங்களுக்கு இதுல இஷ்டமாம்மான்னு மட்டும் யாரும் கேட்ட மாதிரி தெரியல. ராக் மியூசிக்னாலே அப்பா அம்மாவ எதுத்துக்கிட்டு பண்றதுன்னு நாம நெனச்சிட்டிருக்கோம், இங்க அப்பா சொல்லு தட்டாம மூணு பொண்ணுங்க ராக் வாசிச்சாங்க, எனக்கு இந்தக் கதையில புடிச்சதே இந்த இடம்தான்.

1968-ல எக்ஸெட்டர்ங்கற ஊர்ல ஒரு டேலண்ட் ஷோ, அதான் மொத மேடை. ஜனங்க கூச்சல் போட்டு சோடா கேன தூக்கி எறிஞ்சாங்க. அப்பா அசரல, இன்னும் ப்ராக்டிஸ் வேணும்னு சொல்லிட்டாரு. அப்புறம் உள்ளூர் டவுன் ஹால்ல சனிக்கிழமை சனிக்கிழமை கச்சேரி, வருஷக்கணக்கா.

1969-ல பாஸ்டன் பக்கத்துல ஒரு ஸ்டூடியோ. வாசிச்சத கேட்டுட்டு அங்க இருந்தவங்க, இவங்க இன்னும் தயாராகல சார், கொஞ்ச நாள் போகட்டும்னு பக்குவமா சொல்லிப் பாத்திருக்காங்க. அதெல்லாம் முடியாது, சூடு ஆறதுக்குள்ள ரெக்கார்ட் பண்ணியாகணும்னுட்டாரு ஆஸ்டின்.

அந்த சூடு எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். 'மை பால் ஃபுட் ஃபுட்'னு ஒரு பாட்டு, காணாமப் போன பூனைய தேடற பாட்டு. கிட்டார்ல ஸ்ருதி சேரல, குரல் எங்க போகுதோ அங்கயே கிட்டாரும் ஒவ்வொரு நோட்டா நொண்டிக்கிட்டே பின்னாடி போகுது, டிரம்ஸ் இது ரெண்டையும் கண்டுக்காம தன் பாட்டுக்கு வேற ஏதோ ஊர்வலத்துக்கு வாசிச்சிட்டிருக்கு. இதுல கூத்து என்னன்னா, ரெக்கார்டிங் நடுவுல பொண்ணுங்க சட்டுனு நிறுத்திருவாங்களாம், ஒருத்தி தப்பா வாசிச்சுட்டா, மறுபடி போலாம்னு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எஞ்சினியருங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கறாங்க, இதுல எது சரி எது தப்புன்னு இவங்களுக்கு எப்படிடா தெரியுதுன்னு!

ஆனா தெரிஞ்சிருக்கு பாருங்க. தாறுமாறா கேக்குதே தவிர அவங்க மனசுல பாட்டு தெளிவா இருந்திருக்கு. சும்மா அடிச்சு விட்டா தப்புன்னு ஒண்ணு எங்கேந்து வரும்?

'ஃபிலாசஃபி ஆஃப் த வேர்ல்ட்'னு ஆல்பம் வந்துச்சு. 1000 காப்பி போட்டாங்க, அதுல 900 மாயமாயிருச்சு, ரெக்கார்ட் போட்டுத் தர்றேன்னு பொறுப்பெடுத்த ஆளும் அப்புறம் கைக்கு சிக்கல. அந்த 900-த்த வச்சு என்ன பண்ணுவாங்க, யாரு வாங்குவாங்க, எனக்கு சத்தியமா புரியல.

1975-ல ஆஸ்டின் ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு. பேண்ட் அன்னியோட சரி. பொண்ணுங்க ஒருத்தரும் தொடரணும்னு நெனைக்கல, அப்பவாவது விட்டுச்சேன்னு இருந்திருக்கும்.

ஆனா கைரேகை விடல. மீதி இருந்த காப்பியில ஒண்ணு ரெண்டு சுத்தி சுத்தி போய், என்ஆர்பிக்யூங்கற பேண்ட்காரங்க கையில மாட்டி, அவங்க புடிச்சு இழுத்து 1980-ல ஆல்பத்த மறுபடி வெளியிட வச்சாங்க. பத்திரிகையெல்லாம் எழுத ஆரம்பிச்சுது. பீட்டில்ஸவிட இவங்க மேலன்னு ஃப்ராங்க் ஸாப்பாங்கற பெரிய ராக் இசைக்கலைஞர் சொன்னதா ஒரு பேச்சு உண்டு, அத ரொம்ப நம்ப வேணாம், ஆனா நிர்வாணாங்கற ராக் பேண்டோட பாடகர் கர்ட் கோபெய்ன் தனக்குப் புடிச்ச 50 ஆல்பம்னு கைப்பட எழுதின லிஸ்ட்ல இது இருக்கு, அது நெசம்.

டாட்டும் பெட்டியும் 2017-ல ஒரு ஃபெஸ்டிவல்ல திரும்ப மேடை ஏறினாங்க. ஹெலன் 2006-லயே காலமாயிட்டாங்க. அதனால பின்னாடி வாசிக்க நல்லா தேறின மியூசிஷியன்ஸ கூட்டிட்டு வந்தாங்க, அவங்க பாவம், அந்த சேராத தாளத்த அடி பிசகாம வாசிக்கணும்னு உக்காந்து மனப்பாடம் பண்ண வேண்டியதாப் போச்சு. படிச்ச படிப்பெல்லாம் குறுக்க வந்திருக்கும்.

சரி, பேசினது போதும். இப்ப அந்த பூனைப் பாட்ட போடப் போறேன், முழுசா. தம்பி, அந்தக் கதவ கொஞ்சம் சாத்திருப்பா, யாரும் எந்திரிச்சு போயிரக் கூடாது.