எக்கோவில் தெரிந்த சின்ன ஓட்டை

நேயர்களுக்கு வணக்கம். நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு முன்பு பேசும்போது சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா எல்லாவற்றையும் நோயாளிகள் சொல்லிவிடுவார்கள். "எக்கோல சின்ன ஓட்டை இருக்குன்னாங்க, ஒண்ணும் பண்ணாதாம்" என்பதைப் பலர் சொல்வதில்லை. எக்கோ என்பது இதய ஸ்கேன். ஓட்டை இருப்பது இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே. அதையும் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பிராணவாயு தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. நுரையீரலுக்கு அப்போது வேலை இல்லை. அதனால் இதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் நேராகக் கடக்க ஒரு வழி உண்டு. பிறந்து மூச்சு இழுத்ததும் அதன் மடல் மூடிக்கொள்ளும், பிறகு ஒட்டிவிடும். பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டுவதில்லை. அந்தத் திறப்புதான் எக்கோவில் சொல்லும் சின்ன ஓட்டை. பெரும்பாலோருக்கு இதனால் ஆயுள் முழுக்க ஒரு தொல்லையும் வராது.

ஆபரேஷன் சமயம் அப்படியல்ல. இடுப்பிலோ முழங்காலிலோ ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்குக் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையலாம். அந்த ரத்தக்கட்டி பிய்ந்து வந்தால் வழக்கமாக நுரையீரலில் போய் அடைக்கும். அதுவே பெரிய ஆபத்து. செயற்கை சுவாசமோ, இருமலோ, முக்கலோ இதயத்தின் வலப்பக்க அழுத்தத்தைக் கூட்டும் நேரத்தில் மடல் திறந்தால், கட்டி இடப்பக்கம் நழுவி மூளைக்குப் போய்விடலாம். அப்படிப் போனால் பக்கவாதம் வரலாம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையும் அதைச் சார்ந்த மருத்துவமனைகளும் 2007 முதல் 2015 வரை, இதயம் அல்லாத ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 1,50,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்தன. 2018இல் முடிவு வெளியானது. மற்ற நோய்களின் பாதிப்பைக் கழித்துப் பார்த்தபோது, 30 நாட்களுக்குள் பக்கவாதம் வரும் வாய்ப்பு திறப்பு உள்ளவர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 6, இல்லாதவர்களில் 2. திறப்பு இருப்பதாகப் பதிவானவர்கள் அதில் நூற்றுக்கு ஒருவர்தான். வேறு காரணத்துக்காக எக்கோ எடுத்ததில் தெரியவந்தவர்களே அவர்களில் அதிகம் இருந்திருக்கலாம். எனவே இந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆபரேஷனுக்கு வரும் எல்லாரும் ஓட்டையைத் தேட வேண்டியதும் இல்லை, அடைக்க வேண்டியதும் இல்லை.

முன்பே தெரிந்தால் எங்களால் செய்ய முடிவது நிறைய. ரத்தம் உறையாமலிருக்க ஊசி, காலுக்கு அழுத்தப் பட்டை, சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது, டிரிப் குழாயில் காற்றுக்குமிழி போகாமல் பார்ப்பது. அண்மையில் பக்கவாதம் வந்திருந்தால், அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளியே வைப்போம்.

அப்புறம், கூட இருக்கும் உறவினர்களுக்கு. ஆபரேஷன் முடிந்தவர் குழறிப் பேசினால் "மயக்கம் தெளியலை" என்று விட்டுவிடாதீர்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். புதிய ஆபரேஷன் காயம் இருக்கும்போது, கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் தர முடியாது, ரத்தம் கசியும். குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சை சிலருக்குச் செய்யலாம். அதற்கு, அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. அந்த நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.