அட்டைப்பெட்டித் தீவு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியை அவர்களே, போக்குவரத்து நெரிசலைத் தாண்டி இப்போதுதான் வந்து அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, பொருளாளர் அவர்களே (உங்களிடம் பின்னால் ஒரு விண்ணப்பம் இருக்கிறது), பெற்றோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

சிறுவர் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று கடைத்தெருவுக்கு வந்த கதையைப் பேசச் சொன்னார்கள். தண்டர்பேர்ட்ஸை எடுத்துக்கொண்டேன். ஆபத்தில் சிக்கியவர்களை மீட்கும் ஒரு குடும்பத்தின் கதை அது, அவர்களுடைய ஊர்திகளுக்குத்தான் தண்டர்பேர்ட் 1, 2 என்று பெயர். பொம்மை, வார இதழ், இசைத்தட்டு என மூன்றையும் சொல்கிறேன்.

ஜெரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் இங்கே பக்கத்தில், லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லவ் தொழிற்பேட்டையில், கம்பி கட்டிய பொம்மைகளை வைத்து எடுத்த தொடர். 1965 செப்டம்பரில் ஒளிபரப்பு தொடங்கியது. மொத்தமே 32 பகுதிகள். டிங்கி டாய்ஸ் என்ற பொம்மை நிறுவனம் தொடரில் வரும் தண்டர்பேர்ட் 2 விமானத்தை உலோகத்தில் வார்த்தது. வயிற்றைத் திறந்தால் குட்டி மஞ்சள் நீர்மூழ்கி. டிவி செஞ்சுரி 21 வார இதழோ 1965 ஜனவரியில் வந்த முதல் இதழிலேயே 2065 என்று தேதி போட்டது! பிறகு அதில் ஃபிராங்க் பெல்லமி தண்டர்பேர்ட்ஸ் படக்கதை வரைந்தார். என்னைக் கேட்டால் தொடரைவிட அது ஒரு படி மேல். பொம்மைக்குச் சரியாக நடக்க வராது. பெல்லமியின் ஆட்கள் ஓடுவார்கள்.

சரி, கடையில் விற்ற பொம்மைக்கு வருவோம். 1991இல் பிபிசி தொடரை மறுபடி காட்டியது. 1992 கிறிஸ்துமஸுக்கு நாடு முழுக்கப் பிள்ளைகள் கேட்டது ட்ரேசி தீவு, அந்த மீட்புக் குடும்பம் வாழும் தீவின் பொம்மை. கடைகளில் தட்டுப்பாடு. நானும் ஒரு கடை வாசலில் காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாவோடு சரக்குத் தீர்ந்தது. வெறுங்கையோடு வந்தேன். மகன் இரண்டு நாள் பேசவில்லை.

அப்புறம் பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சியான ப்ளூ பீட்டரில் தொகுப்பாளர் அந்தியா டர்னர் வீட்டுச் சாமான்களைக் கொண்டே அந்தத் தீவைச் செய்து காட்டினார். செய்முறைத் தாள் கேட்டு வந்த கடிதங்களைப் பிபிசியால் சமாளிக்க முடியவில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்! எங்கள் வீட்டில் பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் மலையாயின. தண்டர்பேர்ட் 1 ராக்கெட் கிளம்ப நீச்சல்குளம் விலக வேண்டுமே? தீப்பெட்டி. உள்பெட்டியை இழுத்தால் குளம் நகரும். தென்னைக்குக் கறிவேப்பிலைக் கொத்து, மறுநாளே வாடிவிட்டது. தண்டர்பேர்ட் 1, ஒரு வெண்டைக்காய். தண்டர்பேர்ட் 2, நல்ல குண்டுக் கத்தரிக்காய். மூன்றாம் நாள் என் மனைவி தண்டர்பேர்ட் 2ஐக் குழம்பில் போட்டுவிட்டாள். மகன் அழவில்லை. “அப்பா, வேற ஒண்ணு வாங்கலாம், காய்கறிக் கடையில வரிசையே இல்ல” என்றான்.

தலைவர் மணியடிக்கிறார். இசைத்தட்டு இருக்கட்டும். பொருளாளர் அவர்களே, என் விண்ணப்பம் இதுதான். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கைவேலைக்கு ஒரு மேசை கேட்டு மூன்று வருடமாக எழுதுகிறேன். மண்டப வாடகை கூடும் என்கிறீர்கள். வாடகை கூடாது, கடைசி அரை மணியில் நாம் டீ குடித்துக்கொண்டுதான் நிற்கிறோம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம், புல்லை மட்டும் கையில் கொடுப்பதில்லை.

வாசலில் ஒரு பெரிய பெட்டி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வரும்போது காலித் தீப்பெட்டி, தயிர் டப்பா, முட்டை அட்டை எதுவானாலும் அதில் போடுங்கள். தயிர் டப்பாவைக் கழுவிவிட்டுப் போடுங்கள்.