ஊர் ஊராகப் பந்து மறித்தவர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் உதைபந்தாட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்புகின்ற எவரும் கோல் அடித்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் போவார். அந்தக் கோல் விழும்வரை எதிரணியை மறித்து வைத்திருந்த பின்கள வீரரின் பெயரை அவருடைய தாயார் மட்டும் நினைவில் வைத்திருப்பார். இளமையில் நானும் பின்வரிசையில் ஆடியவன் என்பதால் இதைச் சற்று மனத்தாங்கலோடுதான் சொல்கிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் கிறெக் பேர்ஹால்டரும் அந்த வரிசையைச் சேர்ந்தவரே.

அவர் 1973 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் பிறந்தவர். 1994 இல் அமெரிக்கா உலகக் கிண்ணப் போட்டிகளையே நடத்தியது. ஆனால் உள்ளூர் வீரர் ஒருவர் சம்பளம் வாங்கி ஆடக்கூடிய முதல்தரத் தேசிய லீக் அப்போது அங்கே இருக்கவில்லை. அது 1996 இல்தான் தொடங்கியது. ஆகவே 1994 இலேயே அவர் நெதர்லாந்தின் ஸ்வோலே நகரக் கழகத்துக்குப் போனார். அதன் பின்னர் ரொட்டர்டாமின் ஸ்பார்ட்டா, லேவார்டனின் கம்பூர், லண்டனின் கிறிஸ்டல் பலஸ், ஜேர்மனியின் எனர்ஜி கொட்பஸ், மியூனிக் 1860 எனப் பதினைந்து ஆண்டுகளில் மூன்று நாடுகளில் ஆறு கழகங்களுக்கு ஆடினார். இவற்றுள் எதுவும் நம் இளைஞர்கள் மேற்சட்டையில் பெயர் பொறித்து அணிகின்ற கழகம் அல்ல.

இவ்வாறு கழகம் மாறுவதை இலகுவாக்கியதில் 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் வழங்கிய தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. ஒப்பந்தம் முடிந்த வீரரை விடுவிப்பதற்குப் பழைய கழகம் பணம் கேட்க முடியாது என்றும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வீரர்களைத் தொகை வரையறுத்துத் தடுக்க முடியாது என்றும் அது கூறியது. அதன் விளைவாகக் கழகங்களின் உடைமாற்றும் அறைகள் எவ்வளவு மாறின என்பதற்கு கொட்பஸ் கழகமே சாட்சி. பேர்ஹால்டர் அங்கு போவதற்கு முந்திய ஆண்டு, 2001 ஏப்ரல் 6 அன்று, அக்கழகம் ஜேர்மனியர் ஒருவர்கூட இல்லாத பதினொருவரைக் களமிறக்கியது. ஜேர்மனியின் முதல்தர லீக்கான புண்டஸ்லிகாவின் வரலாற்றில் அதுவே முதற்தடவை.

அத்தகைய அணியில் பின்கள வீரராக ஆடுவது, என் கணிப்பில், முன்கள வீரராக ஆடுவதைவிடக் கடினமானது. ஏனெனில் பின்கள வீரர் வாயாலும் ஆடவேண்டியவர். முன்களத்தவர் மௌனமாக ஓடிப் பந்தை வலைக்குள் தள்ளிவிட்டு வரலாம். மைதானம் முழுவதும் தன் கண்முன்னே விரிந்து கிடப்பதால், காண்பதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை கடைசி வரிசையில் நிற்பவருக்கு உண்டு. ‘பின்னுக்கு ஆள்’ என்று நாம் கூவுகின்ற அந்த இரண்டு சொற்களும் அரை நொடி பிந்தினால் பந்து பறிபோய்விடும். எதிரணி முன்கள வீரரைத் தமக்குப் பின்னால் விதிமீறிய இடத்தில் நிற்கச் செய்கின்ற ஓஃப்சைட் பொறி வைப்பதற்காகப் பின்கள வீரர் நால்வரும் ஒருசேர முன்னேறும்போது, கட்டளை விளங்காத ஒருவர் ஓர் அடி பின்தங்கினாலே போதும், எதிரணி வீரர் தனியே கோலை நோக்கி ஓடிவிடுவார். ஆதலால் நாடு மாறுகின்ற பின்கள வீரருக்கு அந்நாட்டு மொழி முதல் மாதத்திலேயே தேவைப்படுகிறது. லேவார்டன் ஃபிரீசிய மொழி பேசப்படுகின்ற மாகாணத்தின் தலைநகரம் என்பதையும், கொட்பஸ் நகரத்தின் தெருப் பெயர்ப்பலகைகளில் ஜேர்மன் மொழியோடு அங்குள்ள சிறுபான்மையினரின் சோர்பிய மொழியும் எழுதப்பட்டிருப்பதையும், பெயர்ப்பலகைக்காக வாதாடிப் பழகிய நமக்கு இடையில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

2002 உலகக் கிண்ணத்தில் பேர்ஹால்டருக்குக் களமிறங்கும் வாய்ப்பு இரண்டாம் சுற்றில்தான் கிடைத்தது. அதற்கு அடுத்து, ஜூன் 21 அன்று தென்கொரியாவின் உல்சான் நகரில் நடந்த காலிறுதியில் ஜேர்மனி ஒரு கோலால் முன்னிலையில் இருந்தது. இடைவேளைக்குப் பின் சற்று நேரத்தில், மூலை உதையைத் தொடர்ந்து வந்த பந்தை அவர் கோலை நோக்கி அடித்தார். பந்து கோல் காப்பாளர் ஒலிவர் கானைக் கடந்து, கோட்டின்மேல் நின்ற டோர்ஸ்டன் ஃபிரிங்ஸின் கையில் பட்டுத் திரும்பியது. ஸ்கொட்லாந்து நடுவர் தண்ட உதை வழங்கவில்லை. ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. காணொளி உதவி நடுவர் முறை உலகக் கிண்ணத்துக்கு வந்தது 2018 இல்தான். அமெரிக்க அணிக்காக 44 ஆட்டங்கள் ஆடிய பேர்ஹால்டரின் கணக்கில் ஒரு கோல்கூட இல்லை. இருந்திருக்கக்கூடிய அந்த ஒன்றும் இன்னொருவரின் முழங்கைக்குக் கீழே நின்றுபோயிற்று.

2009 இல் அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் கலக்சி கழகத்தில் சேர்ந்தார். புறப்பட்டுப் போன காலத்தில் தம் நாட்டில் இல்லாதிருந்த லீக்கில் முதன்முதலாக ஆடும்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. 2011 இல் ஓய்வு பெற்றதும், மீண்டும் ஒரு புதிய மொழியின் நாட்டுக்கே போய், சுவீடனின் ஹம்மர்பி கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளரானார். 2013 ஜூலையில் கழகம் அவரைப் பதவி நீக்கியது. அணி போதுமான அளவு தாக்கி ஆடவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

நன்றி, வணக்கம்.