அட்டையை யாரிடம் நீட்டுவது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தைப் பனியையும் பொருட்படுத்தாமல் திருவாரூரின் இந்தப் பந்தலில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மக்களின் உடல்நலம் காக்க அரசு மருத்துவமனைகளைத் தானே நடத்த வேண்டுமா, காப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதுமா என்பது தலைப்பு. ஐந்து லட்ச ரூபாய்க்கான காப்பீட்டு அட்டை கையில் இருந்தால் கூலித் தொழிலாளியும் தஞ்சாவூரின் பெரிய தனியார் மருத்துவமனைக்குள் தலைநிமிர்ந்து நுழையலாம் என்று எதிரணித் தலைவர் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. அந்த அட்டையால் இதய அறுவை செய்துகொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும். 2009-இல் கலைஞர் ஆட்சி தொடங்கிய காப்பீட்டை 2012-இல் ஜெயலலிதா ஆட்சி பெயர் மாற்றி விரிவுபடுத்தியது. 2021-இல் ஆட்சி மாறிய பிறகும் அது தொடர்ந்தது. எதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகள் இதில் மட்டும் ஒத்துப்போனதற்கு ஒரு சின்னக் காரணமும் உண்டு என்பது என் ஐயம்: அட்டையில் தலைவரின் படத்தை அச்சிடலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினால் யார் பார்ப்பார்கள்?

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். முறைத் தண்ணீர் நள்ளிரவில் வருகிறது. மடை திறக்கப் போனவர் வரப்பில் கால் வைக்கிறார். எலி தேடி வந்த கண்ணாடி விரியன் கடித்துவிடுகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் நம் நாட்டில் ஒரே முறிவு மருந்துதான்; நஞ்சு ஏறியவருக்குத் தொடக்கத்திலேயே எட்டு முதல் பத்துக் குப்பிகள் வரை செலுத்த வேண்டியிருக்கும்; தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீரகத்தையோ உயிரையோ விலையாகக் கேட்கும். வருமா வராதா என்று தெரியாத ஒரு நோயாளிக்காக இத்தனை குப்பிகளை வாங்கிக் குளிரில் வைத்து, காலாவதியானால் கொட்டிவிட்டு மறுபடியும் வாங்கி வைக்க எந்தச் சிறிய தனியார் மருத்துவமனையின் கணக்கு இடம் கொடுக்கும்? இதை நட்டம் என்று எண்ணாமல் கடமை என்று எண்ணக்கூடியது அரசு ஒன்றுதான். 1939-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் நம்மிடம் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ்தான் 2024-இல் பாம்புக்கடியும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டியவற்றில் சேர்க்கப்பட்டது. எந்தக் காப்பீட்டு நிறுவனமும் அந்த வேலையைச் செய்யாது.

அரசுக்கு நிர்வாகம் தெரியாது என்றும் எதிரணி வாதிட்டது. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள். மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்து, அதற்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளச் செய்த அந்த முறையைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றின. குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் தாயாரின் சர்க்கரை மாத்திரைக்காக ஓர் அரசு மருத்துவமனை வரிசையில் அரை நாள் நின்று, கடைசியில் வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பதிலோடு திரும்பியவன் நான். ஆனால் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கென்று வகுக்கப்பட்ட காப்பீட்டு அட்டையும் அன்றைய மாத்திரைக்கு உதவியிருக்காது.

அமெரிக்காவைப் பாருங்கள் என்றார்கள், பார்த்தேன். 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அங்கே அரசு மருத்துவமனைகளைக் கட்டவில்லை. மக்கள் காப்பீடு வாங்குவதற்கு அரசு உதவித்தொகை தந்தது. அதற்கே குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. 2017-இல் அதன் முக்கியப் பகுதிகளை நீக்க வந்த தீர்மானம் செனட் அவையில் 49-க்கு 51 என்ற வாக்குகளில் தோற்றது. அதை வீழ்த்தியவர்களில் மூவர் குடியரசுக் கட்சியினரே. இவ்வளவு போராட்டத்துக்குப் பிறகும் அங்கே இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் காப்பீடு இல்லாமல் இருக்கிறார்கள். வைத்தியம் கொடுப்பதை விட்டுவிட்டு, பணம் கட்டுவது யார் என்பதையே ஒரு நாடு தலைமுறைக் கணக்கில் விவாதித்தால் இப்படித்தான் முடியும்.

நடுவர் அவர்களே, நாம் காவிரிக்காரர்கள். மேட்டூர் அணையை மூடிவிட்டு, தண்ணீர் வாங்கிக்கொள்ள ஆளுக்கோர் அட்டை தருகிறோம் என்று யாராவது சொன்னால் கடைமடை விவசாயி என்ன கேட்பார்? அட்டை இருக்கிறது, ஆறு எங்கே என்று கேட்பார். எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி நண்பரிடம் நானும் அதையே கேட்டு அமர்கிறேன்: வேதாரண்யத்துக்கு அப்பால் ஒரு வரப்பில், இரவு இரண்டு மணிக்கு, கால் வீங்கிக் கிடப்பவர் உங்கள் அட்டையை யாரிடம் நீட்டுவார்?